கண்ணாடிக்கு மேலே சில மில்லிமீட்டர்: கிரேடு செய்த கார்டுகளுக்கு ஸ்கேனர் பார்ப்பது எப்படி

பேஸ்பால் கார்டு, போக்கிமான் கார்டு சேகரிப்பவர்களிடம் ஸ்கேனர் பேச்சை எடுத்தால் முதலில் வந்து விழும் கேள்வி, "எத்தனை டிபிஐ?", அதாவது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி, என்பதுதான். 2400 போதுமா, 4800 வேண்டுமா, 6400 என்றால் இன்னும் தெளிவாக வருமா என்று அந்த எண்ணைச் சுற்றியே பேச்சு ஓடும். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருப்பதும் அதைத்தான். ஆனால் பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்த கார்டுக்கு அந்த எண்ணை நம்பி ஸ்கேனர் வாங்கினால் ஏமாற வாய்ப்பு அதிகம். புத்தம் புதிய 4800 டிபிஐ ஸ்கேனரில் கார்டு மங்கலாக வரும். அதில் பாதி எண் போட்ட பழைய ஸ்கேனரில் பளிச்சென்று வரும். காரணம் புரிய, கார்டு எதற்குள் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஸ்லாப் என்பது என்ன

அமெரிக்காவில் இந்தச் சேகரிப்பு பெரிய வியாபாரம். கார்டு அச்சிடும் டாப்ஸ் நிறுவனம் 1957-இல் பிடித்த அளவுதான் இன்றைக்கும் வழக்கம்: இரண்டரை அங்குலம் அகலம், மூன்றரை அங்குலம் உயரம், அதாவது 63.5 × 88.9 மில்லிமீட்டர். பழைய கார்டு ஒன்று எவ்வளவு நல்ல நிலையில் இருக்கிறது என்பதில்தான் அதன் விலை நிற்கிறது. மூலை மழுங்கியிருக்கிறதா, ஓரம் பிசிறியிருக்கிறதா, படம் நடுவில் அச்சாகியிருக்கிறதா, மேற்பரப்பில் கீறல் உண்டா என்று பார்த்து 1 முதல் 10 வரை மதிப்பெண் போடும் வேலைக்குக் கிரேடிங் என்று பெயர். 1991-இல் தொடங்கிய பிஎஸ்ஏ என்ற நிறுவனமும், பெக்கெட், எஸ்ஜிசி, சிஜிசி ஆகியவையும் இதில் தெரிந்த பெயர்கள்.

மதிப்பெண் போட்ட கையோடு, கார்டைக் கெட்டியான தெளிந்த பிளாஸ்டிக் உறையில் வைத்து, மேலே விவரச் சீட்டும் சேர்த்து மூடி ஒட்டிவிடுவார்கள். உடைத்தால் ஒழியத் திறக்காது. இந்த உறைதான் ஸ்லாப். 2022-இல், பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் 1952 டாப்ஸ் கார்டு ஒன்று ஒரு கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. எஸ்ஜிசி போட்ட 9.5 மதிப்பெண்ணோடு அதுவும் ஸ்லாப்புக்குள்தான் இருந்தது. ஏலத்திலும் இணையச் சந்தையிலும் வாங்குகிறவர் கார்டைக் கையில் எடுத்துப் பார்க்க முடியாது. அவருக்குக் கிடைப்பது படம் மட்டும். அதனால்தான் ஸ்கேனர் மேல் இவ்வளவு அக்கறை.

இப்போது ஸ்லாப்பைப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். பிஎஸ்ஏ ஸ்லாப்பின் தடிமன் சுமார் 6 மில்லிமீட்டர். கார்டு அதன் மேல் தளத்திலும் இல்லை, கீழ்த் தளத்திலும் இல்லை. ஏறக்குறைய நடுவில் நிற்கிறது. ஸ்கேனர் கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்தால், உறையின் சுற்று விளிம்புதான் கண்ணாடியைத் தொடும். கார்டு இரண்டு மூன்று மில்லிமீட்டர் உயரத்தில் தொங்கும். சிக்கல் முழுவதும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

ஜெராக்ஸ் கடையில் எல்லோரும் பார்த்ததுதான்

தடிமனான புத்தகத்தை விரித்து ஜெராக்ஸ் எடுத்தால், இரண்டு பக்கமும் சேரும் தையல் ஓரத்தில் எழுத்து மங்கிக் கறுத்துப் போயிருக்கும். கடைக்காரர் புத்தகத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடிப்பார். அப்படியும் அந்த ஓரம் முழுதாகத் தெளியாது. தாள் கண்ணாடியைத் தொட்ட இடமெல்லாம் தெளிவு, தூக்கி நின்ற இடம் மங்கல். மெஷின் ஒன்று, தாள் ஒன்று, மை ஒன்று. மாறியது கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையில் உள்ள தூரம் மட்டும்.

ஸ்லாப்புக்குள் இருக்கும் கார்டு, முழுக்க முழுக்கத் தையல் ஓரத்தில் மாட்டிக்கொண்ட தாள் மாதிரி. அழுத்திப் பிடித்தும் பயனில்லை, பிளாஸ்டிக் வளையாது.

ஒரு லென்ஸ் எந்தத் தூரத்திலிருந்து எந்தத் தூரம் வரை பொருளைத் தெளிவாகக் காட்டுமோ, அந்த நீளத்தை ஃபோகஸ் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். சில ஸ்கேனர்களில் இது பல மில்லிமீட்டர் இருக்கும். சிலவற்றில் கண்ணாடியை விட்டு ஒரு மில்லிமீட்டர் விலகினாலே தடுமாறும். எது எது என்பதை முடிவு செய்வது உள்ளே இருக்கும் அமைப்பு. அதில் இரண்டு வகை உண்டு.

உள்ளே இருப்பது எது: சிஐஎஸ், சிசிடி

மெல்லிய, இலேசான, யூஎஸ்பி வயர் ஒன்றை மட்டும் செருகினால் ஓடும் ஸ்கேனர் என்றால் அது அநேகமாகச் சிஐஎஸ் வகை. கண்ணாடியின் அகலம் முழுவதும் நீளும் உணரிப் பட்டை ஒன்று கண்ணாடியை ஒட்டினாற்போல் அடியில் நகரும். பட்டைமேல் மெல்லிய கண்ணாடிக் குச்சிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு குச்சியும் ஒரு குட்டி லென்ஸ். எதிரில் இருப்பதை அதே அளவில், சுருக்காமல் பெருக்காமல், உணரிமேல் இறக்கி வைப்பது அதன் வேலை. கண்ணாடியின் மேற்பரப்பில் ஒட்டிக் கிடக்கும் தாளுக்கென்றே கணக்குப் போட்டுச் செய்த அமைப்பு இது. அலுவலகக் கடிதம், ரேஷன் கார்டு, மார்க் ஷீட் எல்லாம் அருமையாக வரும். ஸ்லாப்பை வைத்தால் விழித்து நிற்கும்.

மங்கலோடு போவதில்லை, இன்னும் இரண்டு குறைகள் சேர்ந்து வரும். விளக்கு பட்டையை ஒட்டியே இருப்பதால், பொருள் உயர உயர அதன்மேல் விழும் வெளிச்சமும் குறையும்; கார்டு மங்குவதோடு கறுக்கவும் செய்யும். அடுத்தது நிறம். இந்த வகையில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எல்இடி ஒன்றன்பின் ஒன்றாக மின்னி அணையும். பட்டை நகர்ந்துகொண்டே இருக்கும்போது இது நடப்பதால், கூரான ஓரங்களில் சில சமயம் மெல்லிய வண்ணக் கோடு படியும். கார்டின் வெள்ளைக் கரையில் அது தெரிந்தால் வாங்குபவருக்குச் சந்தேகம் வரும்.

சிசிடி வகை வேறு மாதிரி. அடியில் நகரும் வண்டியில் விளக்கும் கண்ணாடிகளும் இருக்கும். கார்டில் பட்டுத் திரும்பும் ஒளி அந்தக் கண்ணாடிகளில் மடங்கி மடங்கிப் போய், கேமராவில் உள்ளது போன்ற ஒரே லென்ஸில் நுழைந்து, சில சென்டிமீட்டர் நீளமே உள்ள உணரியில் சுருங்கி விழும். ஒளி நெடுந்தூரம் போகிறது, லென்ஸின் திறப்பும் சிறிது. இப்படித் தூரத்திலிருந்து பார்க்கும் லென்ஸுக்கு, பொருள் மூன்று மில்லிமீட்டர் முன்பின் இருப்பது பெரிய வித்தியாசமே இல்லை. பெட்டி தடிமனாவதும் இதனால்தான். அத்தனை மடிப்புக்கும் உள்ளே இடம் வேண்டுமே.

இதில் நமக்குச் சாதகமான இயற்பியல் ஒன்றும் உண்டு. பிளாஸ்டிக் வழியாகப் பார்க்கும்போது பொருள் உள்ளதைவிடச் சற்று அருகில் இருப்பதாகத் தோன்றும். இரண்டு மில்லிமீட்டர் பிளாஸ்டிக், லென்ஸின் கணக்கில் ஒன்றேகால், ஒன்றரை மில்லிமீட்டர் காற்றுக்குச் சமம். ஸ்லாப்பின் தடிமன் அளவுகோலில் தெரிவதைவிடக் கொஞ்சம் குறைவாகவே நம்மைத் தண்டிக்கிறது. ஆனாலும் சிஐஎஸ்ஸைக் காப்பாற்ற அது போதாது.

இதுவரை பார்த்ததைக் கோத்துக்கொள்வோம். ஸ்லாப் கார்டைக் கண்ணாடியிலிருந்து தூக்கி நிறுத்துகிறது. சிஐஎஸ் கண்ணாடிமேல் ஒட்டியிருப்பதை மட்டும் தெளிவாகப் பார்க்கும். சிசிடி சில மில்லிமீட்டர் உயரத்தில் இருப்பதையும் பார்க்கும். ஸ்லாப் ஸ்கேன் செய்யச் சிசிடி வேண்டும் என்பது இதிலிருந்தே வருகிறது.

அப்படியானால் டிபிஐ எதற்கு?

ஓர் அங்குல நீளத்தை எத்தனை புள்ளிகளாகப் பிரித்துப் பதிவு செய்கிறது என்பதே டிபிஐ. கணக்குப் போட்டுப் பார்த்தால் மயக்கம் தெளிந்துவிடும். 600 டிபிஐ-யில் ஒரு கார்டு 1500 × 2100 புள்ளி. மூலையின் மழுங்கலும் ஓரத்தின் வெள்ளைப் பிசிறும் பார்க்க இது தாராளம். 1200-இல் 3000 × 4200, அதாவது ஒரு கோடியே 26 லட்சம் புள்ளி; அச்சின் நுண்புள்ளிகளைத் தனித்தனியாக ஆராய இது போதும். 6400-இல் எடுத்தால் 16,000 × 22,400. ஒரே ஒரு கார்டின் ஒரு பக்கம் சுருக்காமல் சேமித்தால் ஒரு ஜிபியைத் தாண்டும். அதில் கூடுதலாகத் தெரிவது என்ன? பிளாஸ்டிக் உறையின் கீறல்.

தெளியாத படத்தை எத்தனை புள்ளிகளாக வெட்டினாலும் மங்கல்தான் நுணுக்கமாகப் பதிவாகும். பெட்டியில் போட்டிருக்கும் எண்ணிலும் இரண்டு ரகம் உண்டு என்பதைக் கவனியுங்கள். "ஆப்டிகல்" என்று போட்டது உணரியின் எண்ணிக்கையைச் சொல்வது. "இன்டர்போலேட்டட்" என்று போட்டது மென்பொருள் இடையிடையே ஊகித்து நிரப்பியது. அதைக் கண்டுகொள்ளவே வேண்டாம்.

குறைந்த டிபிஐ-யில் ஒரு தொல்லை உண்டு. அச்சடித்த படம் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு நுண்புள்ளிகளால் ஆனது. அந்தப் புள்ளி வரிசையும் ஸ்கேனரின் புள்ளி வரிசையும் ஏறக்குறைய ஒரே நெருக்கத்தில் இருந்தால், படத்தில் இல்லாத அலை அலையான கோடுகள் முளைக்கும். 200, 300 டிபிஐ-யில் விளையாட்டு வீரரின் முகத்தில் வரும் விசித்திரமான கட்டங்கள் இவைதான். 600-இல் எடுத்து, பிறகு மென்பொருளில் சிறிதாக்குங்கள். "டீஸ்கிரீன்" என்ற வசதி இதைச் சரிசெய்கிறேன் பேர்வழி என்று படத்தையே இழைத்துவிடும், அணைத்து வையுங்கள்.

வாங்குமுன் ஒரு ஸ்கேல் சோதனை

விற்பவர் சொல்வதையோ விளம்பரத்தையோ நம்ப வேண்டிய தேவை இல்லை. 15 சென்டிமீட்டர் நீளமுள்ள வெள்ளை பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்று எடுத்து, கோடுகள் கீழ்நோக்கி இருக்கும்படி கண்ணாடிமேல் வையுங்கள். 15 என்ற முனைக்கு அடியில் நாணயங்களை ஏழரை மில்லிமீட்டர் உயரத்துக்கு அடுக்குங்கள். பூஜ்யம் உள்ள முனை கண்ணாடியைத் தொட வேண்டும். இப்போது ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஸ்கேல் அரை மில்லிமீட்டர் உயர்கிறது: 2 என்ற எண் 1 மில்லிமீட்டர் உயரத்தில், 6 என்ற எண் 3 மில்லிமீட்டர் உயரத்தில். 600 டிபிஐ-யில் ஒரு ஸ்கேன்.

சிஐஎஸ் என்றால் பூஜ்யத்தின் அருகே கோடுகள் கத்தி வெட்டுப் போல இருக்கும். 2, 3 தாண்டும்போது தடித்துச் சாம்பலாகும். 6-ஐ நெருங்குகையில் பக்கத்துப் பக்கத்துக் கோடுகள் ஒன்றோடொன்று கலக்கத் தொடங்கும். ஸ்லாப்புக்குள் கார்டு இருப்பது ஏறக்குறைய அந்த இடத்தில். நல்ல சிசிடி என்றால் 6-இல் எந்த மாற்றமும் சொல்ல முடியாது. கடைசி வரை எண்களைப் படிக்கலாம், கூர்மைதான் கொஞ்சம் குறையும்.

சிசிடிக்கும் ஒரு கோணல் உண்டு

ஒரே லென்ஸ் முழு அகலத்தையும் பார்ப்பதால், நடுவில் இருப்பதை நேராகவும் ஓரத்தில் இருப்பதைச் சாய்வாகவும் பார்க்கும். தட்டையான தாளில் இது தெரியாது. ஆழமுள்ள ஸ்லாப்பில் தெரியும்: கண்ணாடியின் இடது ஓரமாக வைத்தால் ஸ்லாப்பின் ஒரு பக்க உட்சுவர் படத்தில் அகலமாகத் தெரியும், மறுபக்கச் சுவர் காணாமல் போகும். சில உறைகளில் அந்தச் சுவர் கார்டின் கரையையே கொஞ்சம் மறைத்து, படம் நடுவில் இல்லாததுபோல் காட்டும். ஏற்றுமதிக் கணக்கு எழுதுவதைவிட நுணுக்கமாகக் கரை அளக்கும் ஆட்கள் இருக்கும் உலகம் இது. வீணாக ஒரு சண்டை கிளம்பும். வண்டி நகரும் திசையில் மட்டும் இந்தச் சாய்வு இல்லை, ஏனென்றால் லென்ஸும் கூடவே நகர்கிறது.

மருந்து எளிது. கண்ணாடியின் அகல வாக்கில் நடுவில் வையுங்கள். ஏ4 கண்ணாடியில் நான்கு பிஎஸ்ஏ ஸ்லாப் ஒரே நேரத்தில் கொள்ளும். விலை குறைந்தவற்றைப் பட்டியல் போட அது போதும். விலை உயர்ந்ததைத் தனியாக நடுவில் வைத்து எடுப்பது நல்லது.

பளபளக்கும் கார்டுகள்

1993-இல் டாப்ஸ் ஃபைனஸ்ட் என்ற கார்டு வரிசை கொண்டுவந்த ரிஃப்ராக்டர், போக்கிமானின் ஹோலோ போன்றவை வெளிச்சம் படும் கோணத்துக்கு ஏற்ப நிறம் மாறுபவை. ஸ்கேனரில் விளக்கும் லென்ஸும் இருக்கும் கோணம் மாறாதது. வானவில் தெரிய வேண்டிய இடம் தட்டையாகவோ கறுப்பாகவோ வந்தால் ஸ்கேனரில் கோளாறு என்று நினைக்க வேண்டாம். கார்டை 90 பாகை திருப்பி இன்னொரு முறை எடுத்தால் வேறு மாதிரி வரும். அதிலும் திருப்தி இல்லையென்றால் அந்த வேலை கேமராவுக்கு உரியது. ஸ்கேன் ஒன்று, சாய்த்துப் பிடித்த போட்டோ ஒன்று என்று இரண்டையும் போடுவதுதான் முறை.

கீறலும் மடிப்பும் இதே கதைதான். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரும் வெளிச்சத்தில், ஒரு திசையில் ஓடும் மடிப்பு நிழல் விழுந்து தெரியும். அதற்குக் குறுக்கே ஓடுவது மறைந்துபோகும். "ஸ்கேனில் பார்த்தபோது சுத்தமாக இருந்ததே" என்று வாங்கியவர் கொதிப்பதற்குப் பாதிக் காரணம் இது. விற்பவர் என்றால் 90 பாகை திருப்பியும் ஒன்று எடுத்துப் போட்டுவிடுங்கள். திருப்பி அனுப்பும் தபால் செலவைவிட அது மலிவு.

கடையில் என்ன கேட்பது

கேனன் லைடு 300, லைடு 400, எப்சன் பெர்ஃபெக்‌ஷன் வி39 மூன்றும் சிஐஎஸ். விலை குறைவு, அழகு, 4 சென்டிமீட்டர் உயரம். லைடு 400-உம் வி39-உம் 4800 டிபிஐ என்று பெருமையாகப் போட்டிருப்பவை. உறையில்லாத கார்டுக்குத் தாராளமாக வாங்கலாம், ஸ்லாப்புக்கு வேண்டாம். வீட்டு பிரின்டர்களோடு சேர்ந்து வரும் ஸ்கேனரும் பெரும்பாலும் இதே ரகம். சிசிடி பக்கம் எப்சன் பெர்ஃபெக்‌ஷன் வி600 பலர் கையில் இருப்பது. 12 சென்டிமீட்டர் உயரம், 4 கிலோ எடை, தனி பவர் அடாப்டர். கேனனில் கேனோஸ்கேன் 9000எஃப் மார்க் 2 சிசிடிதான், ஆனால் இப்போது பழைய சரக்காகத்தான் தேட வேண்டும்.

எப்சன் வி850 ப்ரோ வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், கார்டுக்காக மட்டும் என்றால் வேண்டாம் என்பது. அந்த விலையில் பெரும்பகுதி ஃபிலிம் ஸ்கேன் செய்ய. மூடியில் தனி விளக்கு, ஃபிலிம் தாங்கியின் உயரத்துக்கென்றே இரண்டாவது லென்ஸ் என்று கார்டுக்குத் தேவைப்படாதவை அதில் நிறைய. வி600-இலும் ஃபிலிம் விளக்கு உண்டு. ஃபிலிமைக் கண்ணாடிக்குச் சற்று மேலே தாங்கியில் நிறுத்தித்தான் எடுப்பார்கள் என்பதால், ஃபிலிமும் பார்க்கும் சிசிடி ஸ்கேனர்கள் அந்த உயரத்தில் தெளிவாக இருந்தே ஆக வேண்டும். ஸ்லாப்காரர்களுக்கு இது ஓசியில் கிடைத்த வசதி.

சிஐஎஸ் ஒன்றைத் தவிர வேறு வழியில்லை என்றால் ஸ்லாப்பை அதில் வைத்துப் போராடாதீர்கள். ஸ்டாண்டில் மாட்டிய போனும் இரண்டு பக்கம் இரண்டு விளக்கும் அதைவிட நல்ல படம் தரும்.

மூடி, துணி, பழைய சரக்கு

6 மில்லிமீட்டர் ஸ்லாப்மேல் மூடி சரியாக உட்காராது. இடுக்கில் அறை வெளிச்சம் புகும். மூடியைத் திறந்தே விட்டு, ஸ்லாப்மேல் கறுப்புத் துணி ஒன்றைப் போர்த்துங்கள். வெள்ளை மூடி பின்னால் இருந்தால் தெளிந்த பிளாஸ்டிக்கின் ஓரம் காணாமல் போகும். கறுப்பில் அது தெளிவாக நிற்கும். முன்னதாக மைக்ரோஃபைபர் துணியால் கண்ணாடியையும் ஸ்லாப்பையும் துடையுங்கள். மென்பொருளில் ஆட்டோ எக்ஸ்போஷர், தூசி நீக்கம் இரண்டையும் அணையுங்கள். முதலாவது பிளாஸ்டிக் ஓரத்தின் பளபளப்பைப் பார்த்து ஏமாந்து கார்டை இருட்டாக்கும். இரண்டாவது அச்சிலேயே இருக்கும் வெள்ளைப் பொட்டுகளைத் தூசி என்று அழித்து, இல்லாத சுத்தத்தைக் காட்டும். படத்தைக் கூராக்கும் ஷார்ப்பன் குறைவாக இருக்கட்டும்.

பழைய சிசிடி வாங்குகிறீர்கள் என்றால், டார்ச் அடித்துக் கண்ணாடியின் உட்புறத்தைப் பாருங்கள். பனி படர்ந்தாற்போல் மங்கல் இருந்தால் படம் வெளிறும், அதைத் துடைக்கப் பெட்டியைப் பிரிக்க வேண்டியிருக்கும். சில மாடல்களில் வண்டி ஆடாமலிருக்க ஒரு பூட்டு இருக்கும்; கொண்டுபோகும்போது அதைப் போட்டுத்தான் தூக்க வேண்டும். பவர் அடாப்டர் கூடவே இருக்கிறதா, உங்கள் கணினியின் இப்போதைய விண்டோஸ் அல்லது மேக்குக்கு டிரைவர் கிடைக்கிறதா என்பதையும் பாருங்கள். டிரைவர் நின்றுபோன மாடல்கள் பலவற்றை வ்யூஸ்கேன் என்ற மென்பொருள் ஓட்டிவிடும். அதன் மாடல் பட்டியலில் உங்களுடையது இருக்கிறதா என்று பணம் கொடுப்பதற்கு முன் தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள்.